ஆச்சியின் டிரங்குப் பெட்டி: எதைக் கையில் கொடுப்பது, எதைக் கண்ணில் காட்டுவது?

கேள்வி: டாக்டர், நாங்கள் பெங்களூருவில் இருக்கிறோம். மாமியார் வீடு கல்லிடைக்குறிச்சி. பள்ளி விடுமுறை விட்டதும் பிள்ளைகளோடு அங்கே போய்விடுவோம். மூத்தவளுக்கு ஐந்து வயது. சின்னவனுக்கு ஒரு வயது மூன்று மாதம்.

அத்தை எதையும் தூக்கிப் போட மாட்டார். என் கணவரும் நாத்தனாரும் விளையாடியவை, அத்தை பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தவை, தெருவில் யாராவது வீடு காலி செய்யும்போது கேட்டு வாங்கியவை என்று பரணில் மூன்று தகர டிரங்குப் பெட்டி நிறைய பொம்மைகள். அம்பாசமுத்திரம் மரச்செப்பு, மரப்பாச்சி ஜோடி, சாவி கொடுத்தால் தாளம் போடும் தகரக் குரங்கு, முடி கொட்டிப்போன பிளாஸ்டிக் பாப்பா, கேப் துப்பாக்கி, பல்லாங்குழி, அதற்கு ஒரு டப்பா குன்றிமணி, என் கணவர் ஓட்டிய நடைவண்டி. வண்டிக்கு மாமா பொங்கலுக்குப் பொங்கல் பெயின்ட் அடிப்பாராம். பெட்டியைத் திறந்தாலே பாச்சை உருண்டை வாசம் மூக்கில் ஏறும்.

நாங்கள் போய் இறங்கியதும் பெட்டி பரணிலிருந்து இறங்கிவிடும். போன தடவை சின்னவன் நடைவண்டியின் கைப்பிடியைக் கடித்துக்கொண்டிருந்தான். உதட்டில் சிவப்புச் செதில். நான் வெடுக்கென்று இழுத்ததில் அத்தைக்கு முகம் வாடிவிட்டது. "இதக் கடிச்சுத்தாம்மா ஒம் புருசனும் வளந்தான்" என்றார்.

அம்மா கோயிலுக்குப் போகிற நேரமாகப் பார்த்து எல்லாவற்றையும் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

– வாசகி, பெங்களூரு

பதில்: உங்கள் மனம் சொல்வதே சரி. கணவரின் யோசனையை ஓரமாக வையுங்கள். இன்று காசு கொடுத்தாலும் கிடைக்காத சாமான்கள் அந்தப் பெட்டியில் இருக்கின்றன. பெரியவர்களே வெறுங்கையால் தொடக் கூடாதவையும் அதே பெட்டியில் இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாகக் கொடுத்தாலும் தப்பு, மொத்தமாகத் தூக்கிப் போட்டாலும் தப்பு.

பொம்மைக்கு என்ன வயது என்பது எனக்கு இரண்டாம் பட்சம். யார் கையில் போகப்போகிறது என்பதுதான் முதல் கேள்வி. பதினைந்து மாதக் குழந்தை எதையும் வாயால்தான் தெரிந்துகொள்ளும். அவனுக்கு ஒரு பொருளைக் கொடுப்பதும் ஊட்டுவதும் ஒன்று என்று வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். ஐந்து வயதுக்காரி அப்படியல்ல. "இதை வாயில் வைக்காதே, விளையாடியதும் கை கழுவு" என்றால் பெரும்பாலும் கேட்பாள். ஒரே செப்பு அவளுக்குச் சரி, தம்பிக்குத் தவறு. வீட்டில் இது புரிந்துவிட்டால் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

இந்த முறை பெட்டி கூடத்துக்கு வர வேண்டாம். பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் மொட்டை மாடியிலோ புறவாசலிலோ வைத்துத் திறக்கச் சொல்லுங்கள். முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். எலிப் புழுக்கை கிடந்தால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசி பறக்கும். பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தெளித்துச் சற்று ஊறவிட்டு ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

முதலில் பாச்சை உருண்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பொம்மையைப் பற்றிக் கேட்கிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை. அந்த உருண்டை நாப்தலின். ஜி6பிடி என்ற என்சைம் குறைவாக உள்ள குழந்தைகளுக்கு நாப்தலின் பட்டால், அதன் ஆவியை மூச்சில் இழுத்தால்கூட, ரத்தச் சிவப்பணுக்கள் உடையத் தொடங்கலாம். இந்தக் குறைபாடு ஆண் குழந்தைகளிடம்தான் அதிகம். சோதித்துப் பார்க்காதவரை இருப்பது தெரியாது. பாச்சை உருண்டை போட்டு வைத்த பழைய துணியை அப்படியே எடுத்துப் போர்த்தியதில் மஞ்சள் காமாலை வந்த சிசுக்களைப் பற்றி மருத்துவ நூல்கள் சொல்கின்றன. பார்ப்பதற்கு வெள்ளை மிட்டாய் போலவும் இருக்கும். அதனால் உருண்டைகளைப் பொறுக்கிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். கழுவக்கூடிய பொம்மைகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், மற்றவற்றை வாசம் முழுதாகப் போகும்வரை வெயிலிலும் காற்றிலும் வையுங்கள். வாசம் இருக்கிறவரை சின்னவன் கைக்கு எதுவும் போக வேண்டாம். ஊரில் இருக்கும்போது அவன் கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய், பாச்சை உருண்டை விஷயத்தையும் சொல்லுங்கள்.

பெட்டியின் அடியில் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ பொடி படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எறும்புக்கும் கரப்பானுக்கும் டிடிடி, காமாக்சின் தூவிய காலம் ஒன்று இருந்தது. காமாக்சின் என்று விற்ற பிஹெச்சி நம் நாட்டில் 1997-லேயே தடை செய்யப்பட்டது. ஆனால் இவை எளிதில் சிதையாத ரசாயனங்கள், தடை வந்ததற்காகப் பெட்டியை விட்டுப் போய்விடாது. பொடி தெரிந்தால் துணிப் பொம்மை, பஞ்சுப் பொம்மை எதையும் காப்பாற்ற முயல வேண்டாம். மரத்தையும் உலோகத்தையும் மட்டும் நன்றாகக் கழுவி எடுங்கள்.

கேப் துப்பாக்கி இருந்தால் பக்கத்தில் எங்காவது ஒரு சிவப்பு ரோல் கேப்பும் கிடக்கும். அது பட்டாசு மருந்து. பழசானால் செத்துப்போகும் என்று நம்பிச் சுத்தியலால் தட்டிப் பார்க்கிற மாமாக்கள் எல்லா ஊரிலும் உண்டு. வாளித் தண்ணீரில் முழுக்க ஊறவைத்து, ஈரத்தோடே அப்புறப்படுத்துங்கள்.

அடுத்தது குன்றிமணி. அந்த டப்பா வீட்டுக்குள்ளேயே இருக்கக் கூடாது. பிள்ளையாருக்குக் கண் வைப்பதும் அதை வைத்துப் பொன் நிறுத்ததும் நமக்குப் பழக்கமானதால் அதன் விஷம் மறந்துபோகிறது. உள்ளே இருப்பது அப்ரின். ஓடு உடையாமல் விழுங்கினால் பல சமயம் அப்படியே வெளியே வந்துவிடும். கடித்து உடைத்தாலோ, மாலை கோக்க ஊசியால் துளைத்த மணியாக இருந்தாலோ நிலைமை வேறு. சில மணி நேரம் ஒன்றும் தெரியாது, சில குழந்தைகளுக்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகும். பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்தம் என்று தொடங்கும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. மருத்துவமனையில் சேர்த்து உடம்பைத் தாங்கிப் பிடிக்கத்தான் முடியும். பிள்ளை குன்றிமணியை வாயில் போட்டது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். பல்லாங்குழியை விட்டுவிட வேண்டாம். மூத்தவளுக்கு எண்ணிக்கை பழக அதைவிட நல்ல பலகை எனக்குத் தெரியாது. சோழியோ புளியங்கொட்டையோ வைத்து ஆடட்டும், தம்பி தூங்கும்போது மட்டும்.

இனி நடைவண்டி. "இதக் கடிச்சுத்தான் வளந்தான்" என்பதை அத்தை பொய்யாகச் சொல்லவில்லை. ஆனால் பெயின்டில் உள்ள ஈயம் கடித்த அன்றே காய்ச்சலாக வந்து நிற்காது. குழந்தையின் மூளை வளரும் காலத்தில் கவனத்திலும் கற்கும் திறனிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கை வைக்கும். பெரியவர் உடம்பு உறிஞ்சுவதைப் போல நான்கைந்து மடங்கு ஈயத்தைச் சிறு குழந்தையின் குடல் உறிஞ்சிக்கொள்ளும். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தை இன்னும் அதிகம் இழுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவு இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. இந்தியாவில் சுமார் 27 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில், டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்ற அளவை எட்டியோ தாண்டியோ ஈயம் இருப்பதாக யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் 2020-ல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. பெயின்ட் மட்டும் அதற்குக் காரணமல்ல. ஆனால் உங்கள் வீட்டில் கைக்கு எட்டுகிற காரணம் அதுதான்.

வீட்டுப் பெயின்டில் ஈயம் மில்லியனுக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். மாமா அடித்த எனாமல் அதற்கு எத்தனையோ பொங்கலுக்கு முந்தியது. பளிச்சென்ற மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் ஈயக் குரோமேட் சேர்ப்பது அந்தக் காலத்தில் சாதாரணம். சிவப்பு, பச்சையிலும் அது கலந்திருக்கும். பெரிய கம்பெனிச் சரக்கும் விதிவிலக்கல்ல. 2007 ஆகஸ்டில், ஃபிஷர்-பிரைஸ் பொம்மைகள் 9 லட்சத்துக்கும் மேல் பெயின்டில் ஈயம் இருந்ததால் அமெரிக்கக் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன.

கண்ணால் பார்த்து ஈயத்தைக் கண்டுபிடிக்க முடியாது. தேய்த்தால் நிறம் மாறும் என்று ஆன்லைனில் விற்கும் குச்சிகளை நம்பாதீர்கள். இருப்பதை இல்லை என்றும் இல்லாததை இருக்கிறது என்றும் காட்டும். எக்ஸ்ஆர்எஃப் கருவி உள்ள பரிசோதனைக்கூடத்தில் பொம்மையைச் சேதப்படுத்தாமலே அளந்து சொல்வார்கள். நகைக்கடையின் கேரட் மீட்டரும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. ஆனால் அது தங்கத்துக்காக அளவு சரிபார்த்த கருவி, பெயின்டுக்கு அதன் பேச்சை எடுத்துக்கொள்ள முடியாது. என்னைக் கேட்டால் சோதனைக்குச் செலவழிக்கவே வேண்டாம். 2017-க்கு முந்திய எனாமல், உரிந்திருக்கிறது, கடிக்கிற குழந்தை வீட்டில் இருக்கிறது. முடிவெடுக்க இது போதும். வண்டி சின்னவனுக்கு இல்லை.

கணவருக்கு ஒரு எச்சரிக்கை. உப்புத்தாளை எடுத்து உரசி, புதுப் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்று கிளம்பிவிடுவார். உரசும்போது கிளம்பும் தூசிதான் பெயின்டைவிடக் கெட்டது. அது தரையிலும் பாயிலும் படிந்து குழந்தையின் விரல் வழியாக வாய்க்குப் போகும். மேலே பூசுவதாலும் பயனில்லை, கடித்தால் இரண்டு அடுக்கும் சேர்ந்தே உரியும். அப்பா ஓட்டிய வண்டி மாதிரி வேண்டும் என்றால் அதே அளவில் பூச்சில்லாமல் புதிதாக ஒன்று தச்சரிடம் செய்துவிடலாம். நடைவண்டியில் எனக்கு ஆட்சேபம் கிடையாது, பிள்ளை தானாக நின்று தள்ளுகிற வண்டி அது. நடுவில் துணி இருக்கையும் சுற்றிலும் சக்கரமும் உள்ள வட்ட வாக்கர் பரணில் இருந்தால் அதைத்தான் உடைத்துப் போட வேண்டும். படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபடுகிறார்கள் என்று கனடா 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

சின்னவன் ஏற்கெனவே செதிலைக் கடித்திருக்கிறானே என்ற பயம் கேள்வியின் அடியில் இருப்பது தெரிகிறது. பெங்களூருவிலேயே அவனுக்கு ரத்த ஈய அளவு பார்த்துவிடுங்கள். விரல் நுனியில் குத்தி எடுப்பதைவிட நரம்பிலிருந்து எடுத்த ரத்தம் நம்பகமானது. 5 மைக்ரோகிராமை எட்டினால் எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அமெரிக்காவில் 2021 முதல் 3.5-லேயே கவனிக்கத் தொடங்குகிறார்கள். மருந்து கொடுத்து ஈயத்தை வெளியேற்றும் சிகிச்சை பொதுவாக 45-ஐத் தொடும்போதுதான். ஓரிரு முறை கடித்ததற்கு அவ்வளவு தூரம் போகும் வாய்ப்பு மிகக் குறைவு. ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்து குறைவு இருந்தால் சரிசெய்வது ஈயத்துக்கும் ஒரு தடுப்பு.

சிறு துண்டுகளுக்குக் கருவி உங்கள் வீட்டிலேயே இருக்கும். பழைய கேமரா ஃபிலிம் டப்பா ஒன்றைத் தேடுங்கள். பொம்மைத் தரச்சோதனையில் பயன்படும் உருளையின் உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர், ஃபிலிம் டப்பாவும் ஏறக்குறைய அதே அளவு. அதற்குள் முழுதாக அடங்குகிற எதுவும் மூன்று வயதுக்குக் கீழே ஆகாது. செப்பில் பாதி இந்தச் சோதனையில் விழுந்துவிடும், கோலிக்குண்டும் சோழியும் சொல்லவே வேண்டாம். பந்து என்றால் டேபிள் டென்னிஸ் பந்து அளவுகூடச் சின்னதுதான். இழுத்துப்போகிற பொம்மையில் கயிறு ஒரு சாணுக்கு மேல் இருந்தால் நறுக்கிவிடுங்கள்.

தகரக் குரங்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விளிம்பு பிளேடு போல வெட்டும், சாவியும் சுருள்வில்லும் விரலைக் கடிக்கும், அதன் பெயின்டும் பழசு. அது அலமாரிக்கு. செல் போடுகிற பொம்மைகளில் செல் கசிந்து உப்பு பூத்திருந்தால் பொம்மையோடு சேர்த்துக் கழித்துவிடுங்கள். பிற்காலத்தில் யாராவது போட்ட பாட்டுப் பாடும் சாவிக்கொத்து, விளக்கெரியும் பம்பரம் இருந்தால் உள்ளே பட்டன் செல் இருக்கும். அதற்குத் தயவு தாட்சண்யமே வேண்டாம். உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்தில் திசுவை அரித்துவிடும். விழுங்கினான் என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் எக்ஸ்ரே உள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஒரு வயது தாண்டியவன் என்பதால், விழுங்கத் தடையில்லாமல் இருந்தால், போகிற வழியில் பத்து நிமிடத்துக்கு இரண்டு டீஸ்பூன் வீதம் தேன் கொடுக்கலாம். தேனுக்காக ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

முடி கொட்டிய பிளாஸ்டிக் பாப்பாவைத் தொட்டால் பிசுபிசுக்கிறதா? பிவிசியை மென்மையாக்கச் சேர்த்த தாலேட்டுகள் வெளியே கசிகின்றன என்று பொருள். குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மைகளில் சில தாலேட்டுகளை ஐரோப்பா 1999-லேயே நிறுத்திவிட்டது. பழைய பிளாஸ்டிக்கில் சிவப்பும் மஞ்சளும் காட்மியம் நிறமியாகவும் இருக்கலாம். பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆண்ட்ரூ டர்னர், வீடுகளிலும் பழைய பொருள் கடைகளிலும் கிடைத்த 200 பிளாஸ்டிக் பொம்மைகளைச் சோதித்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில் அந்த நிறங்களைத்தான் முக்கியமாகச் சுட்டினார், கறுப்பையும் சேர்த்து. ஆகவே பிளாஸ்டிக்கில் நான் கறார். மரத்துக்குக் காட்டுகிற இரக்கத்தை அதற்குக் காட்ட மாட்டேன்.

மரத்துக்கு ஏன் இரக்கம்? கடைசல் பட்டறையில் செய்த பழைய செப்பு அரக்குப் பூச்சு. சுழலும் மரத்தின் சூட்டில் அரக்கு உருகிப் பற்றிக்கொள்வதால் எனாமல் போலச் செதில் செதிலாக உரியாது. ஆனால் அரக்கில் எந்த நிறப்பொடியைக் கலந்தார்கள் என்பது பட்டறைக்குப் பட்டறை மாறும். அதனால் மூத்தவள் கைக்குச் சரி, சின்னவன் வாய்க்கு வேண்டாம். வார்னிஷோ பெயின்டோ படாத மரப்பாச்சியை விரிசலும் சிலாம்பும் இல்லையென்றால் கழுவிக் காயவைத்து அவன் கையிலேயே கொடுக்கலாம். புதிதாக வாங்குவதானால் ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள். 14 வயதுக்கு உட்பட்டோர் பொம்மைகளுக்கு அது 2021 ஜனவரி முதல் கட்டாயம்.

இவ்வளவையும் அத்தையிடம் யார் சொல்வது? நீங்கள் வேண்டாம். மருமகள் வாயால் வந்தால் அது குறை, மகன் வாயால் வந்தால் கவலை. நியாயமில்லைதான், ஆனாலும் அப்படித்தான். பழைய சாமான்காரரைக் கூப்பிடுகிற வேலையை விட்டுவிட்டு, ஊருக்கு வருமுன்பே கணவர் போனில் பேசட்டும். "குப்பை", "விஷம்" என்ற சொற்களே வர வேண்டாம். டாக்டர் சின்னவனுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார், பெயின்ட் அடித்த எதையும் வாயில் வைக்கக் கூடாதாம் என்று என் தலையில் பழியைப் போடுங்கள். இதற்குத்தானே டாக்டர்கள் இருக்கிறோம். பெட்டியைப் பிரிக்கும்போது அத்தை உடன் உட்காரட்டும். எது அலமாரிக்கு, எது பேத்திக்கு என்று அவரே எடுத்து வைக்கட்டும். கொலு வைக்கிற வீடாக இருந்தால் உங்கள் வேலை இன்னும் சுலபம். பார்க்க மட்டுமே பொம்மை உண்டு என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையே இருக்காது. கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்றை, சின்னவன் கைக்கு எட்டாத உயரத்தில், நீங்களே வாங்கிக் கொடுங்கள். சாவி அத்தையிடம். மதியம் தம்பி தூங்கியதும் ஆச்சி திறப்பார், பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றின் கதையையும் கேட்பாள்.

அத்தை சேர்த்து வைப்பதை நோய் என்று நான் நினைக்கவில்லை. மூன்று பெட்டிக்குள் அடங்கி, எதில் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தால் அது பத்திரப்படுத்துகிற குணம். நடக்க வழியில்லாமல் சாமான் குவிவது, கெட்டுப்போனதையும் விட மறுப்பது, ஒரு காகிதத்தை எடுத்தாலே பதறுவது, அதுவும் வயதான பிறகு புதிதாகத் தொடங்குவது, இவையெல்லாம் இருந்தால் விஷயம் வேறு. பதுக்கல் கோளாறு 2013 முதல் தனி மனநோயாகவே வகைப்படுத்தப்பட்டுள்ளது. மறதி நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். அப்போது மனநல மருத்துவரைப் பாருங்கள். டெலி-மனாஸ் 14416 எண்ணில் தமிழிலும் பேசுவார்கள்.

கழித்தவற்றை என்ன செய்வது என்பது பாக்கி. வீட்டு வேலைக்கு வருகிற அக்காவின் பிள்ளைக்கோ, ஏதாவது இல்லத்துக்கோ கொடுக்க மனம் போகும். உங்கள் பிள்ளைக்கு ஆகாதது அந்தப் பிள்ளைக்கும் ஆகாது. நடைவண்டியை அடுப்பெரிக்கவோ போகிக்குக் கொளுத்தவோ விடாதீர்கள், பெயின்டில் உள்ள ஈயம் புகையிலும் சாம்பலிலும் வந்து தெருவுக்கே பரவும். உரிந்த வண்டி அத்தைக்கு வேண்டும் என்றால் பாலித்தீன் தாளில் சுற்றி ஒட்டிப் பரணில் ஏற்றிவிடலாம். வேண்டாம் என்றால் அதையும் பிளாஸ்டிக் பொம்மைகளையும் தனி மூட்டையாகக் கட்டிக் குப்பை வண்டியில் கொடுங்கள். செல்களையும் மின்சுற்று உள்ளவற்றையும் பெங்களூருவுக்கே கொண்டுபோய் மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். குன்றிமணியை வெந்நீரில் கொதிக்கவைத்த பிறகே குப்பையில் சேருங்கள், அப்படியே கொல்லையில் கொட்டினால் அடுத்த மழைக்கு முளைத்து வேலியில் ஏறிவிடும்.